கூஜாவுக்குள் தெரிகிறவள்

ஆம்ஸ்டர்டாம், 1651 ஜனவரி 9

அண்ணா,

நாங்கள் நலம். அம்மாவின் வெள்ளிக் கூஜாவைத் திருப்பி அனுப்பு.

இதை மூன்றாம் தடவையாக எழுதுகிறேன். முதல் தடவை விளையாட்டாகக் கேட்டேன், நீயும் விளையாட்டாகப் பதில் எழுதினாய். இரண்டாம் தடவை கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். கூஜாவுக்குப் பதிலாக, பாலாடைக்கட்டியைக் கடிக்கும் எலியை வரைந்து அனுப்பிவைத்தாய். என் மாமியார் அதை நிஜ எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்து வந்ததை உனக்குப் பாராட்டாகச் சொல்லவில்லை.

"ஒரே ஒரு படம் ஹெஸ்டர், ரெண்டே வாரம்" என்று சொல்லித்தானே வாங்கிப் போனாய்? அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நம் கூஜா சுவரில் இருக்கிறது. நிமிர்ந்து இருந்தாலாவது பரவாயில்லை. குடித்துவிட்டு விழுந்தவன் மாதிரி எல்லா மேஜையிலும் சாய்ந்து கிடக்கிறது.

ஏப்ரலில் எனக்குப் பிள்ளை பிறக்கும். பிறந்ததும் தெருவிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் பார்க்க வருவார்கள். வருகிறவர்களுக்குச் சூடாகக் கண்டீல் ஊற்றிக் கொடுக்கவேண்டும். ஒயினும் முட்டைக் கருவும் சர்க்கரையும் எங்கள் வீட்டில் இருக்கின்றன, ஊற்றத்தான் ஒன்றும் இல்லை. என் மாமியார் நேற்றுக் கேட்கிறார்: "எங்கம்மா கூஜா, எங்கம்மா கூஜான்னு சொல்றியே, அது வெள்ளியில செஞ்சதா, வாயால செஞ்சதா?"

போன வருஷம் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். எடுத்து வைத்த பட்டையும் சர்க்கரையும் கட்டுப் பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போயின. தொட்டிலை மாடிக்கு ஏற்றினார்கள். இந்தத் தடவை எல்லாம் முன்கூட்டியே வீட்டில் இருக்கவேண்டும். கூஜா அலமாரியில் இருந்தால்தான் பிள்ளை நல்லபடியாக வரும் என்று நான் சொல்லவில்லை, அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனால் அது வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

ஹார்லத்திலிருந்து மணிக்கு ஒரு படகு இருக்கிறது. குதிரைதான் இழுக்கிறது. நீ இழுக்க வேண்டியதில்லை.

உன் தங்கை
ஹெஸ்டர்


ஹார்லம், ஜனவரி 17

அன்புத் தங்கச்சிக்கு,

கூஜா பத்திரமாக இருக்கிறது. அம்மாகூட அதை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

ஆனால் நீ என் தொழிலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பீர் வடிக்கும் ஒரு பெரிய மனிதருக்காக ஒரு காலை விருந்து வரைந்துகொண்டிருக்கிறேன். மேஜைமேல் வெள்ளைத் துணி, பாதி உரித்த எலுமிச்சை, அதன் தோல் மேஜை விளிம்பிலிருந்து சுருண்டு தொங்குகிறது. தகரத் தட்டில் சிப்பிகள். நடுவில் கூஜா. எடுத்தால் துணியில் மடிப்பு கலையும், மடிப்பு கலைந்தால் நிழல் மாறும், நிழல் மாறினால் நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். போன வாரம் பூனை ஒரு சிப்பியைத் தின்றுவிட்டது. அதே முகஜாடையில் இன்னொரு சிப்பி கிடைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

கூஜா ஏன் சாய்ந்தே கிடக்கிறது என்று கேட்கிறாய். நிமிர்ந்து நிற்கும் கூஜாவை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. விழுந்தால்தான் என்ன நடந்தது என்று கிட்டே வந்து பார்க்கிறார்கள். மனிதர்களும் அப்படித்தான்.

ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் குமட்டினால் காய்ந்த ரொட்டித் துண்டை மென்றுவிட்டு எழுந்திரு. எழுந்தபிறகு மென்றால் பிரயோஜனமில்லை, படுத்தபடியே மெல்லவேண்டும். இடது பக்கமாகப் படு. நெஞ்செரிச்சலுக்குப் பால்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன் மாமியாருக்கும், எலிக்காக மன்னிப்பு.

உன் அண்ணன்
ஃப்ளோரிஸ்


ஆம்ஸ்டர்டாம், பிப்ரவரி 1

அண்ணா,

காய்ந்த ரொட்டி விஷயம் பலித்தது. கல்யாணம் ஆகாத, இறந்த மீனைத் தவிர வேறு துணையில்லாத உனக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே மென்றேன்.

நேற்று விடை கிடைத்தது. அடுத்த வீட்டு நோட்டரியின் மனைவி சுசன்னா உன் படம் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறாள். பார்க்கக் கூப்பிட்டாள். எல்லோரும் எலுமிச்சையைப் பார்த்து நாக்கில் நீர் ஊறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூக்கு படத்தில் ஒட்டும் அளவுக்குக் கூஜாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

கீறல் இல்லை. அதில் உன் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் தொப்பி வைத்த நீ, கடுகளவு. உனக்குப் பின்னால் ஒரு பெண்.

வீட்டுக்கு வந்ததும் மற்றவர்களிடம் இருக்கும் படங்களையும் பார்க்க ஆசை வந்துவிட்டது. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு வீட்டுப் படி ஏறினேன். விதவை ஹாப்பெர்ட் வீட்டுப் படத்தில் அந்தப் பெண் கூடையோடு வாசலில் நிற்கிறாள். சர்க்கரை வியாபாரி வீட்டில் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சுசன்னா வீட்டில் தலைத்தொப்பியைக் கழற்றிவிட்டு, முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் சிப்பிக் கத்தியோடு, கால் சூடாக்கும் அம்மாவின் கணப்புப் பெட்டிமேல் இரண்டு காலையும் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு வயிறு இருக்கிறது அண்ணா.

யார் அவள்?

ஹெஸ்டர்


ஹார்லம், பிப்ரவரி 8

அன்புத் தங்கச்சி,

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. நீ படித்தவள். உருண்டையான வெள்ளியில் எல்லாமே உருண்டையாகத்தான் தெரியும் என்பதை உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மறுபடி போய்ப் பார். ஜன்னல்கூடப் புடைத்துக்கொண்டுதான் இருக்கும். நானும் அதில் ஆறு மாதம். எனக்கும் பட்டையும் சர்க்கரையும் எடுத்து வைப்பாயா?

அவள் சிப்பி விற்கிறவள். டீவெர் என்று பெயர். எனக்குச் சிப்பி திறக்க வராது என்பதும், கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன் என்பதும் உனக்குத் தெரியும். அவள் வந்து திறந்து தருகிறாள். அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பது ஏனென்றால், நான் வரைந்து முடித்ததும் சிப்பியைக் கெடுவதற்கு முன்னால் யாராவது தின்னவேண்டும். வீணாக்குவது பாவம். கால் கணப்புப் பெட்டியில் இருப்பது ஏனென்றால், பாவம், இந்த மாதத்தில் கால் ரொம்ப வீங்கிவிடுகிறது.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பீர்க்காரர் படம் முடியப்போகிறது.

ஃப்ளோரிஸ்


ஆம்ஸ்டர்டாம், பிப்ரவரி 21

அண்ணா,

எனக்கும் இந்த மாதத்தில் கால் வீங்குகிறது. சிப்பி திறப்பதனால் அல்ல.

உன்னோடு எழுதிப் பிரயோஜனமில்லை என்று போன வெள்ளிக்கிழமை என் கணவர் ஆர்னவுட்டையே அனுப்பினேன். "கூஜாவை வாங்கிட்டு அடுத்த படகுல வந்துடுங்க, அவன்கிட்ட பேச்சு வெச்சுக்காதீங்க" என்று படித்துறைவரை போய்ச் சொல்லி அனுப்பினேன். அடுத்த படகு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கடைசிப் படகில் அவர் வந்தார். கையில் கூஜா இல்லை. சட்டையெல்லாம் சிப்பி வாசனை. எங்கே கூஜா என்றால், வெளிச்சம் மதியத்துக்கு மேல்தான் சரியாக வருகிறதாம், அதுவரை எடுக்கக்கூடாதாம். உன் வார்த்தை, அவர் வாய். அந்தப் பெண் யார் என்றால், "எந்தப் பொண்ணு?" என்கிறார். ராத்திரி தூக்கத்தில் சிரிக்கிறார். ஆர்னவுட்டுக்குத் தூக்கத்தில் சிரிக்கும் பழக்கம் கிடையாது. அவர் பட்டை, கிராம்பு விற்கிறவர்.

துணிக்கடைக்காரர் மகளை உனக்குப் பேசி வைத்தது நான்தான். ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகாமல் கல்யாணம் கிடையாது என்று நீ சொன்னாய், நானும் நம்பி அந்த வீட்டில் போய்த் தலைகுனிந்து நின்றேன். சரி, அதை விடு. எனக்கு அவளும் வேண்டாம், உன் விளக்கமும் வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள். உனக்குக் கடிதத்தில் பொய் வரும், படத்தில் வராது. மறைக்கவேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு ரொட்டியை வரைந்து மறைத்திருக்கலாம். உன்னால் முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட உன் கை சம்மதிக்காது. சின்ன வயதில் அப்பாவை வரைந்தபோதும் மூக்கு மருவை விடாமல் போட்டு அடி வாங்கினவன்தானே நீ.

கூஜாவை அனுப்பு. நேற்று முழுக்கப் பிள்ளை அசையவே இல்லை என்று பயந்து மருத்துவச்சியை வரவழைத்தேன். அவள் கை வைத்ததும் உதைத்தது. அவள் போனதும் மறுபடி அசையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஹெஸ்டர்


ஆம்ஸ்டர்டாம், மார்ச் 12

ஃப்ளோரிஸ்,

மூன்று வாரமாகப் பதில் இல்லை.

படகோட்டியின் மனைவி இன்று காலையில் எங்கள் கடைக்குக் கிராம்பு வாங்க வந்தவள் என்னிடம் வாழ்த்துச் சொன்னாள். எதற்கு என்றேன். ஹார்லத்தில் உன் வீட்டுக் கதவில் லேஸ் பலகை மாட்டியிருக்கிறதாம். பிள்ளை பிறந்த வீட்டில் மட்டும் மாட்டுகிற பலகை. "பொண்ணு போலிருக்கு, அடியில வெள்ளைக் காகிதம் வெச்சிருக்காங்க" என்றாள்.

என் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஹெ.


ஹார்லம், மார்ச் 13

அன்புள்ள ஹெஸ்டர்,

ஊர்வாய் என்றால் இப்படித்தான். லேஸ் பலகையைக் கதவில் மாட்டியது உண்மை. வரைவதற்காக மாட்டினேன். வெள்ளைச் சுவரை ஒட்டி வெள்ளை லேஸ் வரைவதைப் போலக் கஷ்டமான காரியம் எங்கள் தொழிலில் வேறு கிடையாது. வெளிச்சம் வாசலில்தான் நன்றாக விழுகிறது. அதனால் இரவலாக வாங்கி மாட்டினேன். அடியில் காகிதம் வைத்தது லேஸ் எடுப்பாகத் தெரிவதற்கு.

அவசரமாக எழுதுகிறேன், படகு புறப்படப்போகிறது.

ஃப்ளோரிஸ்


ஹார்லம், அதே நாள், பிற்பகல்

ஹெஸ்டர்,

காலையில் அனுப்பிய கடிதம் வந்தால் பிரிக்காதே. பிரித்திருந்தால் படித்ததை மறந்துவிடு.

டீவெருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினேன் என்று கேட்டாள், நானும் புத்தி கெட்டுப்போய் வரிக்கு வரி சொல்லிக் காட்டினேன். லேஸ் இரவல் என்ற இடத்தில் தலையணை வந்தது. எடுப்பாகத் தெரிவதற்கு என்ற இடத்தில் செருப்பு. "எம் பொண்ணு உனக்கு மேஜை மேல வெச்ச மீனா, வரைஞ்சு முடிச்சதும் எடுத்து வெச்சுக்க?" என்று கேட்டாள்.  அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்டோபரில் நகர மன்றத்தில் கல்யாணம் பதிவு செய்தோம். மார்ச் 3 அன்று பெண் பிறந்தது. டீவெர் நல்லபடியாக இருக்கிறாள்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் துணிக்கடைக்காரர் மகள் அல்ல. போன வருஷம் உனக்கு நடந்ததற்குப் பிறகு, எனக்குப் பிள்ளை வரப்போகிறது என்று உனக்கு எழுத ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்தேன். எலுமிச்சையைப் பற்றித்தான் எழுத வந்தது. மாப்பிள்ளை வந்தபோது அவரும் அதைத்தான் சொன்னார், "அவ பெத்து எழுந்திரிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று. அவரைத் திட்டாதே.

பிறகு கூஜா. மீன் சந்தைப் பெண்கள் டீவெரைக் கேலி செய்துகொண்டே இருந்தார்கள். படம் போடுகிறவன் உன்னைக் கட்டியிருக்க மாட்டான், வெறுமனே வைத்திருப்பான் என்று. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் பிள்ளை பார்க்க வரும்போது கண்டீலை அந்தக் கூஜாவிலிருந்து ஊற்றவேண்டும். ஊற்றினாள். பெண் குழந்தை என்பதால் குட்டைப் பட்டைக்குச்சியால் கலக்கி, படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கையாலேயே ஊற்றினாள். சந்தையே வாயடைத்துக் குடித்தது. இன்னும் பாதிச் சந்தை வரவேண்டியிருக்கிறது.

குழந்தைக்கு ஹெஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் சொல்லவில்லை. "அவங்க கூஜாவைக் கேக்காம வெச்சிருக்கோம், பேரையும் கேக்காம வெச்சா ஒரே திட்டோட போயிடும்" என்றாள் டீவெர்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

ஃப்ளோரிஸ்


ஆம்ஸ்டர்டாம், ஏப்ரல் 2

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் என் கைக்கு வந்தன. முதலில் எதைப் பிரித்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு வாரம் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். நிறைய திட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் இங்கே வேறு வேலை வந்துவிட்டது.

பையன். நாள் நிறைவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். வந்ததும் அழவில்லை. மருத்துவச்சி அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் அலமாரியில் கூஜா இருந்திருக்கவேண்டிய வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுதான். இன்னும் நிறுத்தவில்லை. அவன் நிறுத்தினால் நான் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அதனால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

ஆர்னவுட் பிள்ளை பிறந்ததும் அப்பாக்கள் போடும் இறகுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அதைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். கடைக்கும் அதோடுதான் போகிறார்.

பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கண்டீல் மண்சட்டியில் இருந்தது. என் மாமியார் ஒவ்வொருத்தியிடமும், "கூஜா இருக்குதாம். வரைஞ்சிட்டிருக்காங்களாம்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். எனக்கு மெத்தைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. நோட்டரி மனைவி சுசன்னா நல்லவள். "இவங்கம்மா கூஜா எங்க வீட்டுச் சுவத்துலதானே இருக்கு" என்று வீட்டுக்குப் போய், உன் படத்தைக் கழற்றி வேலைக்காரியிடம் தூக்கிக்கொடுத்து அனுப்பிவிட்டாள். அதை என் கட்டிலுக்கு எதிரே மாட்டினார்கள். எல்லோரும் மண்சட்டிக் கண்டீலைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளிக் கூஜாவைப் பார்த்துக் குடித்தார்கள்.

பார்த்தவர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள். நீதான் சொன்னாயே, விழுந்து கிடந்தால் கிட்டே வருவார்கள் என்று. முதலில் போனது என் மாமியார்தான். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"யாரு இவ, தலையில தொப்பிகூட இல்லாம?"

அறையில் பத்துப் பெண்கள். எல்லோர் கரண்டியும் நின்றது. சிப்பிக்காரி, அண்ணனுக்குச் சிப்பி திறந்து தருகிறவள் என்று சொன்னால் போதும். நீயே எனக்கு எழுதிக்கொடுத்த பதில்தான். வாய்வரை வந்தது. படத்தைப் பார்த்தேன். கணப்புப் பெட்டிமேல் வீங்கிய கால். எனக்கும் அப்படித்தானே இருந்தது.

"எங்க அண்ணி" என்றேன். "பிள்ளை பெத்துப் படுத்திருக்காங்க. கூஜா அவங்ககிட்டதான் இருக்கு. எங்கம்மாவுக்கு மூத்த மருமக, அவங்களுக்கு அப்புறம்தான் எனக்கு."

 என் மாமியார் கண்ணாடியைக் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"கத்தி பிடிச்சிருக்கிற லட்சணத்தப் பாத்தா சிப்பியச் சுத்தமாத் திறப்பா போலிருக்கே" என்றார். "நம்ம வீட்டுல திறந்தா பாதி ஓடுதான் வாயில வருது."

அத்தோடு விசாரணை முடிந்தது.

இனி உனக்கு வெளிச்சமும் கிடையாது, மடிப்பும் கிடையாது. அண்ணி எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கூஜாவையும் சின்ன ஹெஸ்டரையும் எடுத்துக்கொண்டு வரச்சொல். கத்தியையும்.

ஹெஸ்டர்


ஹார்லம், ஏப்ரல் 10

ஹெஸ்டர்,

உன் கடிதத்தை டீவெருக்கு இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை 'எங்க அண்ணி' என்ற இடத்தை மட்டும் கேட்டாள்.

நாளை காலைப் படகில் வருகிறார்கள். கூஜா அவள் மடியில், குழந்தை அவள் தங்கையின் மடியில். மாற்றி வைக்கச் சொன்னேன். "குழந்தை விழுந்தா அழும், தெரிஞ்சிடும். கூஜா விழுந்தா உங்க தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?" என்கிறாள்.

நான் வரவில்லை. பீர்க்காரர் படம் இன்னும் காயவில்லை. இது உண்மை. மேஜையில் கூஜா இருந்த இடத்தில் ஒரு தகரக் கூஜாவை வைத்துப் பார்த்தேன். அதில் என் முகம் தெரியவில்லை, யார் முகமும் தெரியவில்லை. துணியில் கூஜா கிடந்த பள்ளம் மட்டும் இருக்கிறது. அதை வரையலாமா என்று யோசிக்கிறேன்.

ஃப்ளோரிஸ்


ஆம்ஸ்டர்டாம், ஏப்ரல் 14

அண்ணா,

வந்து சேர்ந்தார்கள். கூஜாவில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணி படத்தில் இருப்பதைவிடக் குள்ளம், படத்தில் இருப்பதைவிட வாய் அதிகம். வந்த அன்று சாயங்காலமே என் மாமியாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஒரு கூடைச் சிப்பியைத் திறந்து தள்ளினாள். இருவரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டார்கள். நல்ல சகுனம்.

பையன் நேற்று ராத்திரி நிறையத் தூங்கினான். மூச்சு வருகிறதா என்று பார்க்க எழுந்தேன். அண்ணி என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "நான் பாத்துட்டேன், வருது. நீ படு" என்றாள். படுத்தேன். தூங்கிவிட்டேன் அண்ணா. கூஜா அலமாரியில் இருந்தது.

காலையில் அதைத் துடைத்து மேஜைமேல் வைத்தோம், நிமிர்த்தித்தான். எதிரே நான் பையனோடு உட்கார்ந்திருந்தேன். கூஜாவின் வயிற்றைப் பார்த்தேன். ஜன்னல் புடைத்திருந்தது. கதவு புடைத்திருந்தது. நானும் பெற்று மூன்று வாரம் ஆகியும் ஆறு மாதம். உன்னிடம் ஒரு விஷயத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். அந்தக் கூஜா எல்லோரையும் அப்படித்தான் காட்டுகிறது.

என் தோளுக்குமேல் மாமியார் எட்டிப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது. கூஜாவில் அவருக்கும் ஆறு மாதம். வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு கூஜாவை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இதை உங்கண்ணனுக்கே அனுப்பிடு" என்றார்.

ஹெஸ்டர்